சித்தியவானில் இருந்திருக்க வேண்டிய பெட்டி

பழைய காகிதங்களைப் படமெடுத்துப் பாதுகாத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். மலேசியாவில், ஈப்போ நகரத்தில், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். மூடிப்போன ரப்பர் தோட்டங்களின் பேர்ப் புத்தகங்கள், தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவேடுகள், பள்ளிக்கூட வருகைப் புத்தகங்கள் என்று கரையான் தின்று மிச்சம் வைத்ததெல்லாம் எங்களிடம் வரும். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, டேப்பில் ஏற்றி வைத்து, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்போம். படமெடுத்தபின் உளுத்துப்போன காகிதங்களை உரிமையாளர்களே எரித்துவிடச் சொல்லிவிடுவார்கள். டேப்புகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நான் எவ்வளவு கேவலமாகச் செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். படிக்க அருவருப்பாக இருந்தால் இருக்கட்டும், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

எங்களிடம் முந்நூற்றுச் சொச்சம் டேப்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். எந்தத் தோட்டத்தின் எந்தப் பக்கம் எந்த டேப்பில் இருக்கிறது என்று சொல்வது கேட்டலாக் என்கிற ஒரு கோப்பு. அது இல்லையென்றால் எல்லா டேப்பும் பெயர் எழுதாத மசாலா டப்பா மாதிரிதான். ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தால்தான் மிளகாயா மல்லியா என்று தெரியும். அதனால்தான் தீ, வெள்ளம் என்று எது வந்தாலும் தப்பிக்கிற மாதிரி ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். படங்களும் கேட்டலாக்கும் இங்கே சர்வரில் இருக்கும், டேப்புகள் எல்லாம் தூரத்து ஊரான சித்தியவானில் ஒரு கிடங்கில் இருக்கும். கேட்டலாக்கின் பிரதி ஒரு கையகல டிஸ்க்கில், ஒரு நீலப் பெட்டிக்குள், அதே கிடங்கில் இருக்கும். நீலப் பெட்டிகள் இரண்டு. வாரம் ஒருமுறை புதுப் பிரதியோடு ஒரு பெட்டி அங்கே போகும், அங்கிருந்த பழைய பெட்டி திரும்பி வரும். புதுசு போய்ச் சேராமல் பழசு அங்கிருந்து நகரக்கூடாது. இந்த விதியை எழுதியவள் நான். லேமினேட் செய்து சுவரில் ஒட்டியவளும் நான். தூ!

அலுவலகத்தைக் கூட்டித் துடைக்க ஓர் அக்கா வருவார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிறந்ததை அரசாங்கத்தில் யாரும் பதியவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டபோது, குடியிருந்த லயங்களும் ஆஸ்பத்திரியும் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே முப்பது வருடம் ரப்பர்ப் பால் வெட்டிய மனுஷிக்குக் கையில் இன்னும் சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை கிடையாது. நீல அட்டைக்கு மூன்று முறை மனுப் போட்டு, மூன்று முறையும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் இல்லை என்று திரும்பி வந்தவர்.

ஒருநாள் என் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இது எங்க தோட்டம்லா."

"எந்த வருசம்கா பொறந்தீங்க?"

சொன்னார். கேட்டலாக்கில் தேடினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிறப்புப் பதிவேடு எங்களிடமே இருந்தது. பக்கத்தைத் திறந்தால், சாய்ந்த கையெழுத்தில் அவருடைய அம்மா பெயர், அப்பா பெயர், லயத்து எண், பெண் குழந்தை, தேதி எல்லாம் இருந்தன. அக்கா திரையைத் தொடவில்லை. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்து, துடைத்து, மறுபடியும் துடைத்தார்.

"அம்மா பேர யாரோ ஒழுங்கா எழுதி வச்சிருக்காங்க பாரேன்" என்றார். பிறகு அழுதார். நானும்தான் அழுதேன். அழுவதற்கு எனக்கு என்ன கேடு, அந்த டேப்பின் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவைக்கத் தோன்றவில்லை. கேட்டலாக் இருக்கிறதே, எதற்குக் குறிக்க வேண்டும்?

படத்தை உடனே அச்செடுத்துக் கொடுத்துவிட முடியாது. பதிவேடு அந்தத் தோட்டத்து முதலாளிகளின் சொத்து, அவர்கள் அனுமதிக் கடிதம் தர வேண்டும். நான் எழுதினேன், தொலைபேசியில் நச்சரித்தேன். எட்டு மாதம் இழுத்தடித்துக் கடிதம் வந்தது. அதற்குள் அக்காவின் நான்காவது மனுவுக்கு நேர்காணல் தேதியும் வந்திருந்தது, ஆறு வாரம் கழித்து. கடிதம் வந்தது ஆயுத பூஜை வாரம்.

"பூஜ முடியட்டும்கா. அடுத்த வாரம் பிரிண்ட் எடுத்து, ஆபீஸ் முத்திர சாப் அடிச்சுத் தாரேன்" என்றேன். இரண்டு நிமிட வேலை அது. இரண்டே நிமிடம்!

இனி எங்கள் பாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனிதர் வருடம் முழுக்கச் சாமி பக்கம் திரும்ப மாட்டார், ஆயுத பூஜை என்றால் மட்டும் தலைகால் புரியாது. தொழிலுக்கு உதவுகிற ஒரு பொருள்கூடச் சாமி முன்னால் இல்லாமல் இருக்கக்கூடாது. கத்தரிக்கோல், ஸ்டேப்லர், ஸ்கேனர், கார்ச் சாவி, எல்லாம் வரிசை கட்டி நிற்கும். சர்வருக்கு நெற்றி எது என்று தேடிப் பிடித்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். இந்த முறை அவருக்குப் புதிதாக ஒரு ஞானம் பிறந்தது.

"டேப்பெல்லாம் சித்தியவான்ல கெடக்கே, அதுக்கு யாரு பூஜ போடுறது?"

"முந்நூறு டேப்ப எப்படி பாஸ் தூக்கியாறது?"

"எல்லாம் எதுக்குலா? தல வந்தா போதும். அந்த நீலப் பெட்டிய எடுத்துட்டு வா. இங்க உள்ளதையும் சேத்து ரெண்டையும் வைப்போம்."

"ரெண்டும் ஒரே எடத்துல இருக்கக்கூடாது பாஸ்."

"ஒரு நாள்தான? சாமி பக்கத்துல இருக்கறப்போ என்ன ஆயிரப்போவுது?"

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றுமே சொல்லவில்லை. பயந்து வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உண்மை அதுவும் இல்லை. எனக்கும் உள்ளுக்குள் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் பால்வெட்டுக் கத்தியிலிருந்து தையல் மெஷின் வரைக்கும் பொட்டு வைத்துத்தான் அடுத்த வருடம் ஓடும். இத்தனை வருடமாக அந்த டேப்புகளை மட்டும் பூஜை இல்லாமல் விட்டுவிட்டோமே என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. படித்தவள், விதி எழுதியவள், எனக்கு!

சித்தியவான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு சீனர், எல்லோரும் அங்கிள் என்போம். வெறுங்கையோடு போய் நின்றதும் மலாயில் கேட்டார், புதுப் பெட்டி எங்கே என்று. இன்றைக்கு இல்லை, ஒரு சடங்குக்காகப் பழையதைக் கொண்டுபோகிறேன், அடுத்த வாரம் இரண்டில் ஒன்று திரும்பி வரும் என்றேன். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளை விரலால் தட்டினார். நான் எழுதிய அதே விதி. அவருக்கும் ஒரு நகல் கொடுத்திருந்தேன். நான் சிரித்து மழுப்பினேன்.

"சாமியை இங்கே கொண்டுவா. இங்கேயே கும்பிடு. வாழைப்பழம் நான் வாங்கித் தருகிறேன்" என்றார் அந்த மனிதர்.

எவ்வளவு எளிதான வழி! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் வழக்கம் உங்களுக்குப் புரியாது அங்கிள் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். காரில் முன் சீட்டில் வைத்து சீட் பெல்ட் வேறு மாட்டினேன். பத்திரமாம்! நினைத்தாலே என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பூஜை பின்னறையில் நடந்தது, அதாவது சர்வர் அறையில். அதற்கு நேர் பின்னால் பெரிய கால்வாய் ஓடுகிறது. சாமி படத்தை நாற்காலியில் வைத்தோம். மற்றதெல்லாம் தரையில், வாழை இலை மேல். டேப் வாசிக்கும் இயந்திரத்தையும் ரேக்கிலிருந்து கழற்றி இறக்கிவைக்கச் சொன்னார் பாஸ். நீலப் பெட்டிகள் இரண்டுக்கும் நானே பொட்டு வைத்தேன். சூடம் காட்டினோம், சுண்டல் தின்றோம். கிளம்பும்போது வானம் கறுத்துக் கிடந்தது. பெட்டிகளை மட்டும் மேல் தட்டில் வைத்துவிடலாமே என்று குனிந்தேன்.

"ஏய், தொடாத! சாமிக்கு வச்சத இன்னிக்கு எடுக்கக்கூடாதுன்னு தெரியாது? நாளைக்கு மறுபூஜ போட்டுட்டுத்தான் எடுக்கணும்."

தெரியும். எங்களில் யாருக்குத்தான் தெரியாது? பாடப் புத்தகத்தைச் சாமியிடம் வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கப் படிக்க வேண்டாம் என்று ஆனந்தமாகச் சுற்றிய கூட்டம்தானே நாங்கள். கையை இழுத்துக்கொண்டேன். மதியத்தோடு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம். மூன்று மணிக்கு மழை பிடித்தது.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் வந்த நாற்றத்தை எப்படி எழுதுவது? சாக்கடையும் ஊறிய சுண்டலும் பன்னீரும் கலந்த நாற்றம். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. தரையெல்லாம் வழுவழுவென்று சேறு. சாமிக்குப் போட்ட சாமந்தி மாலைக்குள் ஒரு செத்த எலி சிக்கிக் கிடந்தது, மாலை போட்டுக்கொண்ட மாதிரி. சர்வர் பாதிவரை முழுகி அடங்கியிருந்தது. டேப் இயந்திரத்தைச் சாய்த்தால் தண்ணீர் ஊற்றியது. இரண்டு நீலப் பெட்டிகளும் மூலையில் கவிழ்ந்து கிடந்தன. திறந்தேன். உள்ளே தேத்தண்ணி நிறத்தில் அழுக்கு நீர், அதில் டிஸ்க். மூடியில் நான் வைத்த குங்குமம் கரைந்து என் விரல்களில் ஒட்டியது. கையை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

பாஸ் சித்தியவானுக்குப் போன் போட்டார். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, டேப்புகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன என்றார் அங்கிள். பாஸ் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"பாத்தியா? பூஜ போட்டோம்லா, சாமி டேப்பக் காப்பாத்திருச்சு."

"பூஜ போட்ட பெட்டிதான பாஸ் போச்சு? போடாததுதான் பொழச்சுக் கெடக்கு."

"வாய மூடு. எவன் கேட்டாலும் டேப்பெல்லாம் பத்திரமா இருக்குன்னு சொல்லு. பொய் இல்லியே?"

இல்லைதான். அதைவிடக் கண்றாவியான உண்மையை நான் கேட்டதே இல்லை. டேப்புகள் பத்திரம், எதில் என்ன இருக்கிறதென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

அக்கா மூன்று நாள் அந்தச் சேற்றை அள்ளினார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பூட்ஸ் காலோடு, எலியை எடுத்துப் போட்டவரும் அவர்தான். மூன்றாம் நாள் நான் உள்ளே போனபோது நீலப் பெட்டிகள் இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவி, டிஸ்க்குகளையும் அலசி, கடை வாசல் ஐந்தடிப் பாதையோரம் வெயிலில் காயவைத்திருந்தார்.

"நல்லாக் காஞ்சா ஓடும்லா தங்கச்சி?" என்றார்.

சர்வர் டிஸ்க்கோடு இந்த இரண்டையும் கோலாலம்பூரில் டிஸ்க் சரிசெய்யும் கடைக்கு அனுப்பினோம். பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். அக்கா கழுவியதால் அல்ல, சேறு முதல் நாளே உள்ளே போய்விட்டது என்றார்கள். அதைக்கூட நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால், அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்பார்.

ஓர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, டேப்புகளை ஒவ்வொன்றாக முழுக்கப் படிக்கவிட்டுக் கேட்டலாக்கை மறுபடி உண்டாக்க ஆரம்பித்தேன். ஒரு டேப்புக்கு ஒரு நாளில் பாதிக்குமேல் போகும். நேர்காணலுக்குள் முந்நூற்றில் எத்தனை முடியும் என்று கணக்குப் போடச் சின்னப் பிள்ளை போதும். ஆனாலும் தினமும் காலையில், இன்றைக்கு மாட்டுகிற டேப்பில் அந்தப் பக்கம் இருந்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன். அதிர்ஷ்டத்தை நம்பிப் பேசாமல் இருந்தேன் என்பதுதான் இதன் சுருக்கம்.

வெள்ளம் வடிந்த இரண்டாவது வாரம், பசியாறும் நேரத்தில் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். எங்க தோட்டத்து ஆஸ்பத்திரியில ஆயா வேல பாத்தவங்க ஒருத்தங்க சுங்காய்ல மக வீட்ல இருக்காங்கன்னு இப்பதான் தெரிஞ்சுது. நா பொறந்தப்போ எங்கம்மாவுக்குப் பிரசவம் பாத்தவங்களே அவங்கதான். நா வந்து சத்தியம் பண்றேன், கையெழுத்து வைக்கிறேன்னு சொல்றாங்க. ஆனா காலெல்லாம் வீங்கிக் கெடக்கு, ஈப்போ வரைக்கும் கார்ல உக்கார வச்சுக் கூட்டியாறது பாவம். அந்தப் பேப்பர் இருக்குன்னா அவங்கள அலக்கழிக்க வேணாம்ல? இருக்குல்ல?"

இதுதான் நேரம். அப்போது மட்டும் நான் வாயைத் திறந்திருந்தால்! இல்லைக்கா, தொலைச்சிட்டோம், தேடிக்கிட்டிருக்கேன், நீங்க அந்த அம்மாவக் கூட்டியாங்க என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாஸ் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர்மேல் பழியைப் போட மாட்டேன். அவருக்குக் கேட்டிருக்கவே கேட்டிருக்காது. சேற்றை அள்ளிய அந்தக் கைகளுக்கு முன்னால் என் மடத்தனத்தை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம், வேறு ஒன்றும் இல்லை.

"டேப்பெல்லாம் பத்திரமா இருக்குக்கா" என்றேன்.

"அப்ப சரி. பெரிய மனுசி, வீட்லயே இருக்கட்டும்." நிம்மதியாகப் போய் என் கோப்பையையும் சேர்த்துக் கழுவினார்.

நேர்காணலுக்கு முந்தைய நாள்தான் சொன்னேன். அதுவும் முழுசாகச் சொல்லவில்லை. பக்கம் இன்னும் கைக்கு வரவில்லை, நானும் கூட வருகிறேன், அது எங்களிடம் இருக்கிறது என்று எழுதிய கடிதத்தைக் காட்டுவோம் என்றேன். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "கெடச்சிரும்ல?" என்று மட்டும் கேட்டார்.

பதிவு அலுவலகத்தில் அன்று எங்களை உட்காரவைத்துப் பேசிய அதிகாரி தன்மையான பெண். கடிதத்தை இரண்டு முறை படித்தார். இந்தக் கடிதம் பக்கம் இருக்கிறது என்று சொல்கிறது, பக்கம் எங்கே என்று கேட்டார். டேப், கேட்டலாக், வெள்ளம் என்று மலாயில் உளறிக்கொட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டிகளில் என்ன இருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பக்கம் இல்லையென்றாலும் பரவாயில்லை, பிறந்தபோது உடன் இருந்தவர், நேரில் பார்த்தவர், யாராவது உயிரோடு இருந்தால் சத்தியக் கடிதத்தோடு அழைத்து வாருங்கள், ஒரு வாரம் இந்தக் கோப்பை மூடாமல் வைத்திருக்கிறேன் என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியிலேயே துள்ளிவிட்டேன்.

"அக்கா! அந்த ஆயா அம்மா! சுங்காய்ல இருக்காங்கல்ல? நாளைக்கே போலாம். நானே கார் ஓட்டுறேன். பின் சீட்ல தலகாணி வச்சுக் கால நீட்டிக்கட்டும். மெல்ல மெல்லக் கூட்டியாந்துரலாம்!"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவங்க செத்து ரெண்டு வாரமாச்சே தங்கச்சி. காரியத்துக்குப் போக ரெண்டு நாள் லீவு கேட்டேன்ல? நீதான சைன் வச்ச."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நல்ல செய்தி என்று நினைத்து, எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்காவைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். ஐம்பத்து மூன்றாவது டேப் ஓடிக்கொண்டிருந்தது. விடுப்பு விண்ணப்பப் பாரங்களின் கோப்பை எடுத்துப் புரட்டினேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர், காரணம் என்ற இடத்தில் குண்டு குண்டு எழுத்தில் தமிழில் எழுதியிருந்தார்: நான் பிறந்தபோது என்னைக் கையில் வாங்கிய அம்மா இறந்துவிட்டார். அதற்கு நேர் கீழே என் கையெழுத்து, ஒரு பிசிறு இல்லாமல்.